அடுப்பு விசிறியும் பூட்டிய யன்னலும்

ஊரில் வெக்கைக்கு விசிறி போடுவோம். இங்கே சுவிசில் எங்கள் வீட்டில் குளிருக்கு ஒரு விசிறி சுற்றுகிறது. விறகடுப்பின் மேல்தட்டில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். வயர் கிடையாது, பற்றரி கிடையாது. அடுப்புச் சூடேறியதும் தானாகச் சுற்றும். ஆறியதும் தானாக நிற்கும். சத்தமே வராது. அந்த அமைதியைத்தான் முதலில் மெச்சினேன். இப்போது அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இதை வாங்கலாமா என்று சூக்கிலும் ஷ்லீரனிலும் இருக்கிற நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு மாரிக் குளிருக்கு முன்னர், மின்சாரம் தட்டுப்படலாம் என்று இங்கே எல்லோரும் கதைத்தார்கள். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் சுவிஸ்காரர்கள் மெழுகுதிரி வாங்கி அடுக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவன் நான். செய்தி முடிவதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும். அப்படிப்பட்டவன், யாரும் சுற்றாமலே சுற்றுகிற ஒரு சாமானைக் கடையில் கண்டால் விடுவானா? கொண்டுவந்து வைத்ததும் என் மனைவி சாந்தி, "உதென்ன விளையாட்டுச் சாமானோ?" என்று கேட்டாள்.

எம்மன்புரூக்கேயில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். திறப்பைத் தந்த அன்று வீட்டுக்காரர் எங்களைக் குசினிக்குள் கூட்டிப்போய், சமையல் ஆவியை வெளியே இழுத்துத் தள்ளும் மெசினைக் காட்டினார். விறகடுப்பு எரியும்போது இதைப் போட்டால் யன்னல் திறந்திருக்க வேண்டும் என்றார். திரும்பவும் அதையே சொன்னார். மனிதருக்கு எங்கள் கறி மணம் ஆகாது என்று நாங்கள் முடிவு கட்டினோம். முந்திய வீட்டில் மணத்துக்காக அவ்வளவு பேச்சுக் கேட்டிருந்தோம். இந்த நாட்டில் யார் யன்னல் என்றாலும் எங்களுக்கு மணம் என்றுதான் விளங்கும். பிறகு மேல்வீட்டு அம்மா, காயப்போட்ட தன் உடுப்பில் எங்கள் சமையல் மணப்பதாக மெல்லச் சொன்னார். அன்றிலிருந்து யன்னலைப் பூட்டி, மெசினை முழு வேகத்தில் விட்டுச் சமைத்தோம். அதன்பின் ஒரு சொல் வரவில்லை. எங்களுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

விசிறி ஒன்றும் ஏமாற்றுச் சாமான் அல்ல. அது சூட்டை உண்டாக்காது. முகட்டுக்கு ஏறிப்போகிற சூட்டைச் சோபா வரை தள்ளிவிடும். அறை சீக்கிரம் இதமாகும். ஆனால் அந்த மாரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் தலையிடித்தது. ஞாயிறுதான் ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், நீண்ட சமையல். நான் வேலைக் களைப்பு என்றேன். சாந்தி கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் தலையிடி விட்டுவிடும். அது ஏன் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

எங்கள் மகள் மது, ஷ்லீரனில் தங்கிப் படிப்பவள், ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்தாள். மணியடித்தும் நாங்கள் திறக்கவில்லை. தன்னிடமிருந்த திறப்பால் திறந்திருக்கிறாள். மிச்சமெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். தாய் குசினி நிலத்தில் அலுமாரியோடு சாய்ந்து கிடந்தாள். நான் சோபாவில் கண் திறந்தபடி இருந்தேன். மெசின் இரைந்துகொண்டிருந்தது. விசிறி அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கதவையும் யன்னல்களையும் அகலத் திறந்தபோது நான் அவளை அதட்டினேனாம்.

"கதவைச் சாத்து பிள்ளை. மேல மணக்கப்போகுது."

எங்களை வெளியே இழுத்துக் கொண்டுவந்ததும் மதுதான். அம்புலன்ஸ் வரும்வரை, கொட்டுகிற பனியில், மேல்வீட்டு அம்மா தன் கோட்டைக் கழற்றிச் சாந்திக்குப் போர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் தப்பிவிட்டோம். சில நாட்களுக்குப் பின் கமின்ஃபேகர், அதாவது புகைபோக்கி துப்புரவு செய்பவர், வந்து விளக்கினார். மெசின் வீட்டுக் காற்றை வெளியே இழுத்துவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குள் வேறு காற்று வர வழியில்லை. அதனால் புகைபோக்கியால் காற்று கீழே இறங்குகிறது, நெருப்பின் நஞ்சையும் கூட்டிக்கொண்டு. வீட்டுக்காரர் அன்று சொன்னது எங்கள் உயிரைப் பற்றி. அந்த நஞ்சுக்கு மணமே கிடையாது என்று கமின்ஃபேகர் சொன்னபோது சாந்தி விக்கி விக்கி அழுதாள்.

ஆகவே நண்பர்களே, விசிறியை விரும்பினால் வாங்குங்கள். அதற்கு முதல், அந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். விசிறி சூட்டை மட்டும்தான் அறியும். நல்ல காற்றையும் நஞ்சையும் ஒரே மாதிரித்தான் உங்கள் முகத்துக்குத் தள்ளும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யன்னலைத் திறந்துவிட்டு அதனருகில் நிற்கிறேன். விசிறி தள்ளுகிற சூடு முதுகில் படுகிறது, வெளிக்குளிர் முகத்தை வெட்டுகிறது. கறி மணம் மேலே ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டு யன்னல் பூட்டுப்படும் சத்தம் கேட்கும். கோட்டைக் கழற்றித் தந்த அதே அம்மாதான். படியில் கண்டால் சிரித்து வணக்கம் சொல்வார். அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாக யன்னல் பிடிக்குப் போய்விடுகிறது.

"விடுங்கோ, திறந்தபடி கிடக்கட்டும்," என்கிறாள் சாந்தி, சட்டியைக் கிண்டியபடி.

நான் பூட்டுவதில்லை. கையை எடுப்பதுமில்லை.