பாண்டியன் கிரீடத்தை விட்டுப் போன இடம்

நாடகம் ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின், அதாவது நேரில் வரச் சொன்ன நேரம், செவ்வாய்க்கிழமை காலை. இரண்டுக்கும் இடையில் என் முதலாளியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கடிதத்தை மூன்று வாரங்களுக்கு முன்பே அவருடைய மனைவி கணினியில் அடித்து வைத்துவிட்டார். நான் இங்கே ஒழுங்காக வேலை செய்கிறேன், தொடர்ந்தும் எனக்கு வேலை தருவார்கள் என்று இரண்டு பந்திகள். அது இல்லாமல் போனால் டுல்டுங்கை நீட்ட மாட்டார்கள் என்று அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். டுல்டுங் என்பது விசா அல்ல. உன்னை இன்றைக்கு விமானத்தில் ஏற்றவில்லை என்று சொல்லும் தாள், அவ்வளவுதான்.

முதலாளிக்கு ஹம் நகரில் சிறிய துப்புரவுக் கம்பனி. பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் துடைப்போம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து நான் பிறப்பதற்கும் முன்னால் வந்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் சரித்திர நாடகம் எழுதுவார், நெறியாள்வார், அரசனாகவும் நிற்பார். அந்த வருடம் சோழன். பாண்டியனாக நடிக்க இருந்தவருக்கு முதுகில் சத்திர சிகிச்சை என்றதும் என்னைப் பிடித்தார்கள். நெடுவலாக இருக்கிறேன் என்பதுதான் என் தகுதி.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதுவும் நான்கு பள்ளிக்கூடங்களில் துண்டு துண்டாக. ஆனால் பாண்டியனைப் பற்றி எனக்குத் தெரியும். முன்பு இருந்த அகதி முகாமில் ஒரு அலுமாரித் தட்டில் தமிழ்ப் புத்தகம் ஒன்றே ஒன்று கிடந்தது. அட்டை இல்லாத சரித்திரப் புத்தகம். பல்லவரில் தொடங்கி, பராந்தக சோழனில் கிழிந்துபோய் நின்றது. மௌரியரையும் விஜயநகரத்தையும் இன்றுவரை அறியேன். ஆனால் அந்த நடுத்துண்டை ஒரு குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் ஈழத்துக்கு ஓடி வந்தான். தன் கிரீடத்தை ஈழத்து அரசனிடம் பாதுகாக்கக் கொடுத்துவிட்டு, தாயின் நாடான சேரநாட்டுக்குப் போய்விட்டான். பின்னர் பராந்தகன் படை அனுப்பிக் கிரீடத்தைக் கேட்டான். ஈழத்து அரசன் அதைத் தூக்கிக்கொண்டு தெற்கே மறைந்தான். சோழப்படை வெறுங்கையோடு திரும்பியது. அத்தோடு பக்கம் முடிந்தது.

முதலாளியின் நாடகத்தில் பாண்டியன் ஓடவில்லை. இரண்டு வீரர்கள் பிடித்துக்கொண்டு வர, முழங்காலில் நின்று, கிரீடத்தைக் கழற்றிச் சோழன் காலடியில் வைக்கிறான். திரை விழுகிறது.

இரண்டாவது ஒத்திகையில் நான் வாய் திறந்தேன். பாண்டியன் அப்படிச் செய்யவில்லை அண்ணை, அவன் கிரீடத்தை ஈழத்தில் விட்டுவிட்டுப் போனவன் என்றேன். மந்திரியாக நடிப்பவர், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சோற்றுப் பொதியை அவிழ்த்தபடியே சொன்னார்:

"பாண்டியருக்கு விசா கிடைக்கேல்லைப்போலை. அதுதான் நாடு நாடாய்த் திரியிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

"சனத்துக்கு ஒரு முடிவு வேணும்," என்றார். "ஓடிப்போனவனை வைச்சு நான் எப்பிடித் திரையை விடுறது? நீ முழங்காலிலை நில். உன்ரை கடிதமும் என்ரை மேசையிலைதான் கிடக்கு. நாடகம் முடியட்டும், பாப்பம்."

அதை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, ஞாபகப்படுத்தச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் மந்திரி சோற்றுப் பொதியிலிருந்து தலையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் பகிடி விடவில்லை.

முழங்காலில் நிற்பது எனக்குப் புதிதல்ல. எல்லைக் காட்டில் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டி, பனியில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்திருக்கிறார்கள். கால் மரத்துப்போகும், பிறகு சரியாகிவிடும். பிரச்சினை அதுவல்ல. நிச்சயமாகத் தெரியும் என்று நான் சொல்லக்கூடியது வாழ்க்கையில் அந்தப் பாண்டியன் கதை ஒன்றுதான். அதை நானே, இருநூறு பேருக்கு முன்னால், பிழையாக நடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

கிரீடத்தை நான்தான் செய்தேன். கை துடைக்கும் தாள் வரும் பெட்டியின் அட்டையை வெட்டி, கம்பனிக் காரின் முதலுதவிப் பெட்டியில் இருந்த குளிர்தாங்கும் பொன்னிறப் போர்வைத் தாளைச் சுற்றினேன். அந்தத் தாளை எனக்குத் தெரியும். எல்லையைத் தாண்டிய இரவு என்னையும் அதற்குள்தான் சுற்றி வைத்தார்கள். தொட்டால் சரசரக்கும். தலையில் வைத்தால் காதுக்குள்ளேயே கேட்கும்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வெள்ளிக்கிழமை அந்த மேடையைத் துடைத்தவன் நான். எந்தப் பலகை கத்தும், எங்கே படிகள் சபைக்கு இறங்கும் என்பதெல்லாம் தெரியும். ஞாயிறு பின்னேரம் அதே மேடையில் என்னை வீரர்கள் இருவரும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சோழன் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். அடுத்தது நான் முழங்காலில் நிற்க வேண்டிய இடம்.

திட்டம் போட்டேன் என்று சொன்னால் பொய். படிகள் பக்கத்தில் இருந்தன. வீரர்களின் பிடி நாடகப் பிடிதானே, உதறிக்கொண்டு இறங்கினேன். முன்வரிசையில் நடுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கிரீடத்தைக் கழற்றி அந்த மடியில் வைத்தேன்.

"இதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒருநாள் வந்து கேட்பேன்."

நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். முதலாளியின் மனைவி. என் கடிதத்தை அடித்த அக்கா. அவர் என்னைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பால் அதை மூடினார்.

நான் மேடைக்குத் திரும்பிப் போய்ச் சோழனுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். முதலாளி கேட்டது அது. கிரீடம் தலையில் இல்லை. புத்தகம் சொன்னது அது.

சோழனின் நெற்றியில் பூசிய ஒப்பனை மா வியர்வையில் கரைந்து இறங்குவதைக் கீழிருந்து பார்த்தேன்.

"எங்கே கிரீடம், பாண்டியா?"

அது எழுதியிராத வசனம். எனக்கும் எழுதித் தந்த பதில் இல்லை.

"ஈழத்தில் இருக்கிறது," என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "குடுக்காதேங்கோ அக்கா!" என்றது. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. சோழன் மேடை விளிம்புக்கு வந்து மனைவியை நோக்கிக் கை நீட்டினார். அக்கா தலையை ஆட்டினார், இல்லை என்று. கைதட்டல் கிளம்பியது. திரை இழுப்பவர் அதுதான் முடிவு என்று நினைத்து இழுத்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் முதலாளி வாளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படம் எடுக்கவும் நிற்காமல் போனார். மந்திரி என் தோளில் தட்டி, நல்லாய்த்தான் செய்தாய், ஆனால் செவ்வாய்க்கிழமை முடிய விட்டுச் செய்திருக்கலாமே என்றார். அவர் சொன்னது சரி.

திங்கள் காலை ஐந்து மணி வேலையை முடித்துக்கொண்டு கம்பனி அலுவலகத்துக்குப் போனேன். சோப்புத் திரவ வாசனை அடிக்கும் ஒரே அறை. முதலாளி மேசையில். அக்கா மற்ற மேசையில். கோப்புகள் அடுக்கிய அலமாரியின் மேல் என் கிரீடம். ஹீட்டர் காற்றில் பொன் தாள் மெல்லச் சரசரத்துக்கொண்டிருந்தது. கடிதம் அவருக்கு முன்னால் கிடந்தது, பேனை அதற்கு மேல். இருக்கச் சொல்லவில்லை. நின்றேன்.

"குடுக்கிறேல்லை எண்டு நினைச்சனி, பிறகேன் முழங்காலிலை நிண்டனி?" என்று கேட்டார்.

பல பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். சொன்னது ஒன்றுதான்:

"கடிதம் வேணும் அண்ணை."

அவர் பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்பவும் மூடினார். செவ்வாய் காலை எட்டரை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உன்ரை புத்தகம் கிழிஞ்ச புத்தகம்," என்றார். "மிச்சக் கதை தெரியுமோ? பிறகு ராஜேந்திர சோழன் வந்தவன். ஈழத்தை முழுக்கப் பிடிச்சு, அந்தப் பாண்டியன்ரை கிரீடத்தையும் எடுத்துக்கொண்டு போனவன். கடைசியிலை சோழன்தான் எடுத்தவன்."

அது எனக்குத் தெரியாது. முகம் சுட்டது. இத்தனை வருடங்கள் பாதிக் கதையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அக்கா கணினியிலிருந்து திரும்பாமலே கேட்டார்:

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு?"

"நூறு வருசம் வரும்."

"அப்ப நூறு வருசம் பொறுங்கோ. இப்ப கையெழுத்தை வையுங்கோ, பெடியனுக்கு நாளைக்கு டெர்மின்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பேனையின் மூடியைக் கழற்றினார். கையெழுத்து வைத்த பிறகும் தாளை உடனே என்னிடம் தள்ளவில்லை. தான் வந்த புதிதில் ஒரு ஹோட்டல் முதலாளியின் கடிதத்துக்காக அவருடைய வீட்டுப் புல்லை ஒரு கோடைகாலம் முழுக்க வெட்டியதாக, என்னைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துச் சொன்னார். பிறகு தள்ளினார். அக்கா முத்திரை குத்தினார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகப் பெண் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். ஆறு மாதம் நீட்டினாள்.

புதன்கிழமை வேலைக்குப் போனபோது, கிரீடத்தைக் கேட்க வந்தாயா என்று அக்கா கேட்டார். இல்லை அக்கா, அங்கேயே இருக்கட்டும் என்றேன். அடுத்த வருடம் பல்லவர் நாடகம். முதலாளிதான் அரசன். எனக்குத் திரை இழுக்கும் வேலை தந்தார், அதுவும் அவர் கைகாட்டிய பிறகுதான் இழுக்க வேண்டும் என்ற கட்டளையோடு.