மாசியில் வந்த மடுத் திருவிழா

பள்ளிமுனையில் உள்ள ஒரு மீனவர் சங்கக் கந்தோரில் அருள்நாயகிக்குப் பதினாறு வருடச் சேவை. ஆயிரத்துச் சொச்சம் அங்கத்தவரின் பிறந்த தேதிகளைக் கணினியில் ஏற்றியவள் அவள்தான். அட்டவணையை அமைத்துக் கொடுத்த புண்ணியவான் தேதிக்கான பத்தியை வெறும் எழுத்துப் பத்தியாக விட்டுப் போயிருந்தார்; எதை எழுதினாலும் விழுங்கும். அருள்நாயகியும் சனங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்: ‘13/06/1961’, ‘1958 பெரிய வெள்ளி’, அவசரத்தில் ஒருமுறை ‘31/02/1960’.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதிவுப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பதாக இருந்தது. அந்தக் கதிரை தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, அகிலன் வரும்வரை.

அகிலன் பெருநிலத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை, பட்டதாரி. வந்து இரண்டு மாதம்தான். திங்கட்கிழமை காலை நாலு வரியில் ஒரு சோதனை நிரல் எழுதி ஓட்டினான். தேதியாக மாறாத எழுத்தெல்லாம் சிவப்பில் வந்து நின்றன, இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் அருள்நாயகியின் கைவண்ணம்.

தலைவர் யோசேப் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்; அந்தப் பக்கத்தில் பெப்ரவரி என்றால் மாசி, யூலை என்றால் ஆடி. “அருள், மாசி மாசத்தில முப்பத்தொண்டை நீ எங்கயம்மா கண்டனி? தம்பி ஒரு நிமிசத்தில பிடிச்சுப்போட்டார்!”

அந்த ‘தம்பி’ அவள் நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது. பதினாறு வருடத்தில் தலைவர் அவளுடைய திரையை எட்டிப் பார்த்ததேயில்லை. அகிலனோ அவளுக்கும் சேர்த்தே தேநீர் ஊற்றி வைத்தான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மூன்று நாளாக, தன் பிழைகளைத் திருத்தும் சாட்டில் அவனுடைய பிழையைத் தேடினாள். வியாழக்கிழமை அகப்பட்டது. அவன் தேதிகளாக மாற்றிய பட்டியலில் நாற்பத்தொரு பேர் மாசி ஏழாம் தேதி பிறந்திருந்தார்கள்.

மாசி ஏழா? அந்தக் கரையில் பிறந்த நாளைக் குறித்து வைக்காத வீட்டாரெல்லாம் “மடுத் திருவிழா அண்டு” என்றுதான் சொல்வார்கள். அவளும் மடு மாதா கோயில் திருவிழா நாளான ஆடி இரண்டு என்று ‘02/07’ போட்டுவிடுவாள். அகிலனின் சோதனை முதல் எண்ணை மாதம் என்று எடுத்தது. பொருந்தாவிட்டால்தான் நாள் என்று எடுத்தது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாத புண்ணியத்தில் ‘13/06’ தப்பியது. ‘02/07’ பார்வைக்கு நல்ல பிள்ளை. சிவப்பும் விழவில்லை, சரியாகவும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். கூட்டம்வரை வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து கேட்டாள்: “தம்பி, உங்கட ஊரில மடுத் திருவிழாவை மாசியிலயோ கொண்டாடுறவை?”

கந்தோர் குலுங்கிச் சிரித்தது. அவள் பட்டியலை விரித்துக் காட்டினாள். “யந்திரம் சரி எண்டு சொல்லும், எங்கட சனத்தை அதுக்குத் தெரியுமே?” என்றார் யோசேப், இவ்வளவு நாளும் தானே அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் போல. பொறுப்பாளர் கதிரை அங்கேயே அருள்நாயகிக்கு என்று முடிவாகி, கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த கேக்கையும் வெட்டிப் பரிமாறினார்கள்.

அவள் அகிலனின் முகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை தன் முகம் எப்படிக் கறுத்ததோ அப்படி ஒன்றை எதிர்பார்த்தாள்.

“ஐயோ அக்கா, நான் கவனிக்கேல்ல. நல்லகாலம் நீங்கள் கண்டது!” என்றான் அவன், வாய் நிறையக் கேக்குடன். “அந்தப் பெரிய வெள்ளியளையும் ஒருக்கால் சொல்லித் தாங்கோவன். வருசத்துக்கு வருசம் மாறுமாமே?”

பொறாமையின் சாயல்கூட இல்லை. புருவத்துக்குக் கீழே, உதட்டோரத்தில் எல்லாம் தேடினாள். கேக்குத் துகள்தான் இருந்தது.

“சொல்லித் தாறன்” என்றாள் அருள்நாயகி. புதிய பொறுப்பாளருக்குக் கேக்கு இறங்கவில்லை. தோற்ற பிறகும் இப்படி ருசித்துச் சாப்பிட இவனுக்கு எப்படி முடிகிறது?