நோவாக்குகளின் ஊர்

எங்கள் அம்மாவால் இரண்டு மனிதரைச் சொந்தமில்லாமல் விட்டுவைக்க முடியாது. நாங்கள் கடல்கடந்து வந்து குடியேறிய பென்டில் ஹில் வீட்டுக்கு எந்தத் தமிழர் முதன்முதலாக வந்தாலும், தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எந்த ஊர், ஆருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்து, யாரோ ஒரு மாமியின் மச்சாள் வழியாக ஓர் உறவைப் பிடித்துவிடுவார். பிடித்த பிறகுதான் பலகாரத் தட்டு குசினியிலிருந்து வெளியே வரும். வந்தவர்களுக்கும் அதில் சந்தோஷம்தான்.

இந்த வலையில் சிக்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டு நோவாக் அங்கிள். போலந்திலிருந்து இளந்தாரியாக வந்தவர். கலியாணம் கட்டவில்லை. ஊரில் இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருடைய வளவில் நிற்கும் ஜக்கரண்டா மரம் நவம்பர் மாதத்தில் எங்கள் பக்கமும் சேர்த்துப் பூவைக் கொட்டும். அந்த ஊதா நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளரிக்காய் ஊறப்போட்ட போத்தல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலியில் நாடியை ஊன்றியபடி நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் பக்கத்தில் பின்னேரம் முடியவே முடியாது போலிருக்கும்.

நோவாக் என்பது எனக்கு ஓர் ஆளின் பெயராகவே படவில்லை. பனி மூடிய ஒரு சின்ன ஊர், எல்லாக் கூரையிலும் புகை, எல்லாக் கதவிலும் அதே பெயர். அங்கிருந்து ஒருவர் மட்டும் நித்திரையில் நடந்து நடந்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. எங்களுக்கு அப்படியொரு பெயர் இல்லை. என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர், அப்பாவின் பெயருக்குப் பின்னால் அப்பப்பாவின் பெயர். நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று பள்ளிக்கூட ஒஃபிஸில் நம்பவைக்க அம்மா ஒவ்வொரு வருஷமும் படாத பாடு படுவார்.

அந்த வருஷம் அங்கிளுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் என்றானது. முடிந்தபின் வீட்டில் கூட இருக்க ஆளில்லையென்றால் முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா அப்படியான ஓர் இல்லத்தில் வேலை செய்தவர். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்களில் திரும்பிப் போனவர்கள் குறைவு என்று அவருக்குத் தெரியும். நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார். அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர் என்றால் வேறு கதை, வேலைக்கு ஓடுகிற அயலவர்களின் தலையில் ஏற மாட்டேன் என்றாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆருமில்லாத மனிசர் எண்டு உலகத்திலை இல்லை. தேடேல்லை, அவ்வளவுதான்," என்றார் அம்மா, கறியைப் பரிமாறிக்கொண்டே.

அப்பா சோற்றைக் குழைத்தபடி, தன்னோடு வேலை செய்கிற, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண்ணின் பெயரும் நோவாக்தான் என்றார். அம்மாவின் அகப்பை அப்படியே நின்றது.

"ஏனப்பா, இவ்வளவு நாளும் இதை வாய்க்குள்ளை வச்சுக்கொண்டே இருந்தனீங்கள்?"

ஒரே பெயரென்றால் ஒரே குடும்பம், இதில் ஆராய என்ன இருக்கிறது. அடுத்த ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட அழைக்கப்பட்டார்கள். எதற்கென்று இருவருக்கும் சொல்லப்படவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அந்த அன்ரி பெரிய ஆள். கட்டையாக வெட்டிய தலைமயிர், முழங்கைவரை பச்சை குத்திய பாம்பு, கையில் ஒரு போத்தல் லெமனேட். அம்மா இருவரையும் எதிரெதிரே இருத்தி, இடியப்பமும் சொதியும் உறைப்புக் குறைத்த கோழிக்கறியும் போட்டார். போட்டுக்கொண்டே ஒப்பரேஷன், ஆளில்லாதது, முதியோர் இல்லம் என்று தன் ஆங்கிலத்தில் முழுக்கதையையும் சொன்னார். அங்கிளின் காது சிவந்துபோனது. பிறகு வழக்கமான விசாரணை தொடங்கியது. எந்த ஊர்?

அங்கிள் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். சருகில் யாரோ நடப்பதுபோல இருந்தது அந்தப் பெயர். அம்மா அன்ரியின் பக்கம் திரும்பி, உங்கள் ஆட்கள் எந்த ஊர் என்றார்.

அன்ரி அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் இடியப்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்ரி அம்மாவைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. கடைசியாக, இன்னும் சிவந்திருந்த அங்கிளின் காதைப் பார்த்தார். தாங்களும் அந்தப் பக்கம்தான் என்று கேள்விப்பட்டதாக மெதுவாகச் சொன்னார்.

அங்கிள் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு போலிஷ் மொழியில் ஏதோ சொன்னார். அன்ரி தலையாட்டினார்.

"நான் சொன்னனான்தானே," என்று அம்மா அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். கண் நிறைந்திருந்தது.

ஒப்பரேஷன் முடிந்து அங்கிள் வீட்டுக்கே வந்தார். அன்ரி ஒரு பையோடும் நாயோடும் வந்து முன்னறையில் தங்கினார். அங்கிள் எழும்பி நடமாடத் தொடங்கியதும் அன்ரி தன் வீட்டுக்குத் திரும்பினார், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். மரத்தின் கீழ் இரண்டு கதிரை, இரண்டு பேரின் தலையிலும் பூ. மேய்ஸ் ஹில் கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் அம்மா இந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பல வருஷம் இருந்துவிட்டுத்தான் அங்கிள் போனார். செத்தவீட்டன்று அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். நோவாக் அவருடைய பழைய புருஷனின் பெயர். அந்தக் கலியாணம் நிலைக்கவில்லை, பெயரை மாற்ற அலையப் பஞ்சியில் அப்படியே விட்டுவிட்டாராம். போலிஷ் ஒரு சொல்லும் தெரியாது. அங்கிளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மேசையில் அங்கிள் சொன்னது என்ன என்று அன்ரி பிறகொரு நாள் கேட்டாராம். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, பேசாமல் சாப்பிடு என்றதுதானாம்.

அந்தப் பெயரின் கதையையும் அங்கிள் அவருக்குச் சொல்லியிருந்தார். எங்கிருந்தோ வந்து ஓர் ஊரில் குடியேறியவனை, ஆருடைய மகன் என்று தெரியாதவனை, ஊரார் நோவாக் என்றுதான் கூப்பிட்டார்களாம், புதிதாய் வந்தவன் என்று. ஒவ்வோர் ஊருக்கும் அப்படி ஒருவன் வந்திருக்கிறான். அதனால்தான் அங்கே நாடெல்லாம் நோவாக்குகள். ஒருவருக்கொருவர் ஒரு சொந்தமும் கிடையாது.

காரில் திரும்பும்போது அம்மா, "கடைசிமட்டும் ஒரு சொந்தம் பக்கத்திலை இருந்ததே, அது காணும்," என்றார். ஓம் என்றேன்.

அந்த முதல் ஞாயிறு விருந்தில் நானும் அங்கிளிடம் ஒன்று கேட்டிருந்தேன். எனக்கும் அந்தப் பெயரைத் தருவீர்களா என்று. எல்லாரும் சிரித்தார்கள், அங்கிள் சிரிக்கவில்லை. அது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்றார். அவர்கள் போனதும் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்து, கொப்பிகளின் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர்தான் இருந்தது. பாவம் அங்கிள், வயது போய்விட்டது, என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.