கொக்கி வைத்த மேஜை

எங்கள் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பசை என்பார்கள். தச்சுவேலை. இரண்டு பலகையை ஒட்டினால், ஒட்டின இடம் எதுவென்று அவரே தேடினாலும் கிடைக்காது. மரத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கும் நல்லது, அக்காவுக்கும் நல்லது. மனிதர்களையும் அப்படி ஒட்டிவிடலாம் என்று அத்தானுக்கு ஒரு நினைப்பு. பெயரை நம்பி, கையில் காசு புழங்கும் ஆள் என்று கடன் கேட்டு வந்தவர்களும் உண்டு. வாசலைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவர் வீட்டு வாசலில் ஒரு தகரத்தை நிறுத்திக் கம்பி கட்டியிருக்கும். காற்றடித்தால் அது டமடமவென்று அடிக்கும். உள்ளேயிருந்து அக்கா திட்டுவாள்.

ஊரில் மூன்று சபைகள். மணிக்கோயில்காரர்கள் திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் மண்டியிட்டு வாங்கி, ஒரே கிண்ணத்தில் குடிப்பார்கள். கண்ணாடிச் சபையில் உட்கார்ந்த இடத்துக்கே சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வந்துவிடும். தொட்டிச் சபையில் நின்றுகொண்டு எடுப்பார்கள். அதுவும் தொட்டியில் முழுதாக முங்கி ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு மட்டும். நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்ட மற்றவர்களெல்லாம் அவர்களுக்கு வெறும் தலை நனைத்தவர்கள், அவ்வளவுதான். மூன்றுக்கும் நடுவே ஒரு தெரு அகலம். மூன்றிலும் கும்பிடுவது ஒரே கர்த்தரை. ஆனால் ஒருவர் பந்தியில் மற்றவர் கை நனைக்க முடியாது.

அத்தான் மணிக்கோயில். அக்காவும் நானும் தொட்டிச் சபை. இரண்டு பேரும் ஆசைப்பட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். தலை நனைத்தவனைக் கட்டிக்கொண்டதற்காக எங்கள் சபை அக்காவுக்கு அப்பத்தைத் தடை செய்தது. மணிக்கோயிலில் போய்க் கேட்டால், முங்கினது செல்லாது என்று எழுதிக் கொடு, பிறகு பார்ப்போம் என்றார்கள். அக்கா எழுதவில்லை. அத்தான் தொட்டியில் இறங்கத் தயாராகத்தான் இருந்தார். அக்கா விடவில்லை.

"நீங்க இறங்கினா உங்க கோயில்ல உங்க பேரை வெட்டிடுவாங்க. ஒரு வீட்டுல ஒருத்தர் பட்டினி போதும்," என்றாள்.

கொஞ்ச காலம் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "இன்னிக்கு ரசம் எப்படி இருந்துச்சு? புளிப்பா, இனிப்பா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அத்தான் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் மண்டியிடவே இல்லை. எல்லோரும் வரிசையில் முன்னே போகும்போது கடைசிப் பெஞ்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படி இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் பட்டினி.

பிறகு அக்காவுக்கு இருதயம் வீங்கியது. கால்கள் வீங்கி, செருப்பு நுழையாமல் போயிற்று. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்க," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அத்தானிடம் வந்து சொன்னேன். அக்காவுக்குப் புடவை ஆசை கிடையாது, தின்பண்ட ஆசை கிடையாது. அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாவதற்குள் ஒரு தடவை அத்தான் பக்கத்தில் இருந்து திருவிருந்து எடுக்க வேண்டும். இதைக் கடையில் வாங்க முடியுமா?

அத்தானுக்குப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான்.

பெயருக்கு ஒரு ஐக்கியக் குழு ஊரில் இருந்தது. மணிக்கோயில் பாதிரியார், கண்ணாடிச் சபைப் போதகர், தொட்டிச் சபைப் பாஸ்டர். யார் இடத்தில் கூடுவது என்பதிலேயே தகராறு வந்து, கூடாமலே இருந்த குழு அது. அத்தான் மூன்று பேர் வாசலிலும் மாறி மாறிப் போய் நின்று, பட்டறையில் கூடலாம், அது எந்தச் சபைக்கும் சொந்தமான இடமில்லை என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். வந்தார்கள். வெள்ளை அங்கியில் மரத்தூள் ஒட்ட, பலகைகள் மேல் உட்கார்ந்து, அத்தான் போட்ட டீயைக் குடித்தார்கள். மூன்று சபைக்கும் சேர்த்து ஒரே திருவிருந்து, ஒரே மேஜை, மேஜை என் செலவு என்றார் அத்தான். இலவசம் என்றதும் ஐக்கியம் கொஞ்சம் சூடு பிடித்தது.

வாசல் கதவுக்கென்று நல்ல தேக்கு மூன்று பலகை பல வருஷமாகப் பரணில் வைத்திருந்தார். அதை இறக்கினார். நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

"அத்தான், கதவு?"

"கதவில்லாம செத்தவங்க யாருடா இருக்காங்க?" என்றார்.

மூன்று பலகையையும் ஒட்டி, இழைத்து, மெருகு போட்டார். விரல் நகத்தால் தடவினாலும் ஒட்டுத் தெரியவில்லை. அக்காவைக் கைத்தாங்கலாகப் பட்டறைக்குக் கூட்டிவந்து காட்டினார். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "என்னைக் கட்டினப்போ இவ்வளவு மெருகு போட்டுக் கூட்டிட்டு வரலையே," என்றாள். அத்தான் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மண்டியிடுகிறவர்களுக்கு உயரம் அதிகம் என்றார் பாதிரியார். கிண்ணம் இருக்கிற பலகையில் குப்பித் தட்டை வைப்பது முறையில்லை என்றார் போதகர். தலை நனைத்தவர்கள் தொட்ட அப்பம் என் ஜனங்கள் அப்பத்தோடு உரசக் கூடாது என்றார் பாஸ்டர். நடுவில் யார் நிற்பது என்பதற்கு மட்டும் இரண்டு டீ ஆயிற்று. கடைசியில் முடிவு வந்தது. மேஜையை மூன்றாக அறுத்து, அடியில் கொக்கி வைக்க வேண்டும். முதல் பாட்டுக்கும் போட்டோவுக்கும் கொக்கியை மாட்டி ஒன்றாக நிறுத்துவது. அப்பம் கொடுக்கும் நேரத்தில் கழற்றி, கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிக்கொள்வது. ஆசீர்வாதத்துக்கு மறுபடி மாட்டுவது. இதற்கு மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

அத்தான் தயங்கி நின்றார். "என் வீட்டுக்காரிக்கு அன்னிக்குக் கிடைச்சுடுங்களா?"

"வரச் சொல்லுங்க," என்றார் பாதிரியார். மற்ற இரண்டு பேரும் தலையசைத்தார்கள். மற்றவர் கொடுத்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துத்தான் தலையசைத்தார்கள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. அத்தானுக்குத் தெரியவில்லை.

அறுத்தார். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். "வாள் சத்தம் கேக்குதே, யாரை அறுக்கறாங்க?" என்று அக்கா கட்டிலிலிருந்து கத்தினாள். அத்தான் வாளை நிறுத்தாமல், "ஒண்ணுமில்ல, ஒரு ஓரம்தான்," என்றார்.

ஆராதனை பள்ளிக்கூட மண்டபத்தில். அக்கா பெட்டியின் அடியிலிருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டு நாற்காலி ஒன்றுக்கு அத்தான் நாலு சக்கரம் பூட்டியிருந்தார். மூன்று சபை ஜனமும் வந்து மண்டபம் பிதுங்கியது. ஒரே மேஜையைச் சுற்றி ஒரே பாட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாட்டு முடிந்ததும் அத்தான் மேஜைக்கடியில் போய்க் கொக்கிகளைக் கழற்றினார். மூன்றையும் மூன்று திசைக்கு இழுத்தார்கள். மூன்று வரிசை உண்டாயிற்று.

அத்தான் அக்காவை முதலில் மணிக்கோயில் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நாற்காலிக்குப் பக்கத்தில், இருபது வருஷத்துக்குப் பிறகு மண்டியிட்டார். பாதிரியார் அவருக்கு அப்பத்தை நீட்டினார். அத்தான் வாங்கவில்லை, அக்காவைக் காட்டினார். பாதிரியார் ஒரு கையால் கிண்ணத்தின் வாயை மூடினார், மறு கையை அக்கா தலையில் வைத்தார்.

"அம்மா, நீங்க உங்க சபையில வாங்கிக்கங்க."

நாற்காலி தொட்டிச் சபை மேஜைக்கு உருண்டது. பாஸ்டர் குனிந்து, காதோடு காதாகத்தான் சொன்னார். அவர் குரல் பிரசங்கம் செய்து பழகின குரல், நாலு வரிசைக்குக் கேட்டது. "சகோதரி, உங்க தடையை இன்னும் எடுக்கலையே. அந்தக் கல்யாணம் தப்புன்னு சபை முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே தரேன்."

அந்தக் கல்யாணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றுகொண்டிருந்தது. அக்கா பாஸ்டரை நிமிர்ந்து பார்த்து, "தள்ளுங்க," என்றாள். சொன்னது அத்தானிடம்.

கண்ணாடிச் சபைப் போதகர் நல்லவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவர் கேட்டால் எந்தச் சபை என்று பார்க்காமல் கொடுக்கிற வழக்கம் அவர்கள் சபையில் உண்டு. அக்கா வருவதைப் பார்த்தே அவர் கண் கலங்கிவிட்டது. குப்பியைக் கையில் எடுத்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பாதிரியாரும் பாஸ்டரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் குடுத்துடுவேம்மா," என்றார். "ஆனா அவங்க ரெண்டு பேரும் இல்லேன்னு சொன்னப்புறம் நான் குடுத்தா, இன்னிக்குச் சேர்ந்த ஐக்கியம் இன்னிக்கே உடைஞ்சுடும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

குப்பியைத் தட்டில் திருப்பி வைத்தார். சிந்தாமல் வைத்தார்.

மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தோம். ஒருவர் எழுந்திருக்க வேண்டுமே! நானும் எழுந்திருக்கவில்லை, எனக்கு அங்கே என்ன உரிமை என்று உட்கார்ந்திருந்தேன். அக்காதான் பேசினாள்.

"சக்கரம் வச்சது நல்லதாப் போச்சுங்க. நடந்தே பிச்சை எடுத்திருந்தா கால் வலிச்சிருக்கும்."

ஆசீர்வாத நேரம் வந்தது. "பசை, கொக்கியை மாட்டுப்பா," என்று யாரோ கூப்பிட்டார்கள். அத்தான் போனார். ஏன் போனார் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். துணியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கடியில் நுழைந்தார். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. ஆள் வெளியே வரவில்லை. மேலே மூன்று பேரும் கையோடு கை கோத்து நின்றார்கள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "அடியில இருக்கறவரே, காலை உள்ள இழுங்க, படத்துல விழுது," என்றார்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு அப்பத்தை எடுத்தார். மேஜைக்கடியில் கிடந்ததாம். அதில் பாதியைப் பிய்த்து அக்கா வாயருகே கொண்டுபோனார்.

"எந்த மேஜையில இருந்து விழுந்தது?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியலையே."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. "கீழே விழுந்ததைத் தின்னத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேனா? அப்படி வச்சுடுங்க," என்றாள். அத்தான் இரண்டு பாதிகளையும் ஒரு தட்டில் வைத்துத் தலைமாட்டில் வைத்தார். அந்த வாரமே அக்கா போய்ச் சேர்ந்தாள். அவளைக் குளிப்பாட்டத் தூக்கியபோது தட்டு முழுக்க எறும்பு.

மூன்று கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஐக்கியக் குழு இழுத்தடிக்கவில்லை. நகராட்சிச் சுடுகாடுதான் யாருக்கும் மனவருத்தம் இல்லாத இடம் என்று ஒரே குரலில் சொல்லி அனுப்பினார்கள்.

வருஷம் திரும்பியது. மறுபடி கூட்டு ஆராதனை. மேஜை அத்தான் பட்டறையில்தான் கிடந்தது, அதை வைத்துக்கொள்ள எந்தச் சபையும் சம்மதிக்கவில்லை. போக வேண்டாம் என்று நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். "நான் போகலேன்னா கொக்கியை யாருடா மாட்டுவாங்க?" என்றார். வண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. போன வருஷம் மூன்றாகப் பிரித்து நானும் அவருமே ஏற்றினோம். அவரைப் பார்த்தேன். "மாட்டியே கொண்டுபோவோம்," என்றார்.

பாட்டு முடிந்தது. பிரசங்கத்தில் பாதிரியார் அக்காவைப் பற்றிப் பேசினார். சாகும் தறுவாயிலும் மூன்று சபை மேஜைகளையும் தேடி வந்த சகோதரியாம். ஐக்கியத்துக்கு அவளே சாட்சியாம். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "பசை, கழட்டுப்பா," என்றார்.

அத்தான் கடைசிப் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாதிரியார் ஒரு பக்கம் இழுத்தார். பாஸ்டர் மறுபக்கம் இழுத்தார். போதகர் நடுவில் பிடித்து ஆட்டினார். மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது. குப்பிகள் கிணுகிணுத்தன. மேஜை அசைந்ததே தவிரப் பிரியவில்லை.

"என்னப்பா இது?"

"ஒட்டிட்டேங்க," என்றார் அத்தான். "இனிமே பிரியாது."

மேஜை மேல் எல்லாம் தயாராக இருந்தது. அப்பம், ரசம், கிண்ணம், குப்பி. எதிரே மண்டபம் நிறைய ஜனம். கையை நீட்டினால் போதும். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முதலில் பாஸ்டர் தன் அப்பத்தைத் துணியில் சுற்றினார். பாதிரியார் கிண்ணத்தை மூடினார். போதகர் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ஜனங்கள் எழுந்து, வந்த வழியே மூன்று பிரிவாகப் போனார்கள். அன்றைக்கு ஒரு வாய் யாருக்கும் கிடைக்கவில்லை.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது நான் அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வாசலில் முட்டிமோதி வெளியேறும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எல்லாரும் உங்க அக்காகூடப் பட்டினிடா," என்றார். பிறகு எழுந்துபோய், நாலு பேர் தூக்கின மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தை என்னைத் தூக்கச் சொன்னார்.