லைப்ரரியை அழிக்கச் சொன்ன அண்ணை

லண்டனிலை இருக்கிற எங்கடை முதலாளியை ஒஃபிஸிலை எல்லாரும் அண்ணை எண்டுதான் கூப்பிடவேணும். "நான் உங்களுக்கு முதலாளியில்லை, கூடப்பிறந்தவன் மாதிரி" எண்டு வீடியோவிலை வந்து சொல்லுவார். காணிப் பங்கெண்டு வந்தால் கூடப்பிறந்ததுகள் என்ன செய்யுங்களோ, அதைத்தான் எனக்குச் செய்தார்.

நல்லூரிலை ஒரு மாடியிலை ஒஃபிஸ், கீழை ரியூசன். வெளிநாட்டுக் கடையளுக்கு ஓடர் எடுக்கிற புரோகிராம் எங்கடை. ஒரு புரோகிராம் ஓடேக்கை என்ன செய்தது, எங்கை இடறிச்சுது எண்டு தானே எழுதிக்கொண்டு போகவேணும். அதுக்கு லொக் எண்டு பேர். அப்பிடி எழுத வைக்கிற லைப்ரரியை, எந்தப் புரோகிராமுக்குள்ளையும் சேத்துப் பாவிக்கக்கூடிய துண்டை, நான்தான் செய்தனான். கறுப்புத் திரையிலை பிப் எண்ட கட்டளையோடை ஒரு வரி அடிச்சால் காணும், தானே வந்து இறங்கிவிடும். அப்பிடிச் சுகமாப் போடக்கூடியதாச் செய்யிறதுக்குத்தான் எனக்கு உயிர் போச்சுது.

"இது ஒழுங்கா ஓடினால் நீர்தான் இஞ்சை ஹெட்" எண்டு அண்ணை சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் கைக்கு வந்த கவுண்மேந்து வேலையை விட்டனான். அம்மா கனநாள் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. ஹெட் ஆகினால் அவ சமாதானமாவா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

ஓடிச்சுது, ஒரு குறையுமில்லாமல். பிறகு ஒரு பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். நான் சுன்னாகத்திலை, வீட்டுக் குசினிக்கை நிக்கிறன். வெள்ளைக்காரர் எல்லாம் பாவிக்கிற பேர்போன லைப்ரரி ஒண்டு இருக்காம், உம்மடையைத் தூக்கிப்போட்டு அதைப் போடும் எண்டார்.

"என்ன, லைப்ரரியை அழிக்கச் சொல்லுறியளோ?" எண்டு கத்திப்போட்டன். வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்த அப்பா விறைச்சுப் போனார். யாழ்ப்பாண லைப்ரரி எரிஞ்சதைக் கண்ட அவரின்ரை வயசுக்காரருக்கு முன்னாலை அந்த ரெண்டு சொல்லையும் சேத்துச் சொல்லக்கூடாது. இது கொம்பியூட்டருக்கை இருக்கிறதப்பா எண்டு விளங்கப்படுத்தினன். "அதையும் ஏன் பிள்ளை அழிக்கினம்?" எண்டு கேட்டார்.

அடுத்தநாள் அழிச்சன். பிப் லேசிலை அழிக்காது. உண்மையாத்தான் சொல்லுறீரோ எண்டு ஒருக்காக் கேக்கும், ஓம் எண்டு அடிச்சால்தான் அழிக்கும். அந்த மரியாதைகூட அண்ணைக்கு இருக்கேல்லை. அடிச்சுப்போட்டு, பக்கத்திலை இருந்தவைக்குத் தெரியாமல் கண்ணைத் துடைச்சன்.

புதுசாப் போட்ட லைப்ரரி வாயே திறக்கேல்லை. எதெதைச் சொல்லவேணும் எண்டு அதுக்கு முதலிலை சொல்லிவைக்க வேணும். சும்மா விட்டால் பெரிய பிழையளை மட்டும்தான் சொல்லும். அதைச் செய்ய அண்ணையிட்டை நேரம் கேட்டன். "பிறகு பாப்பம்" எண்டார். கொஞ்ச நாளிலை ஓடர் எல்லாம் இடைவழியிலை காணாமல் போகத் தொடங்கிச்சுது. எங்கை போகுது எண்டு பாக்க ஒரு எழுத்தும் இல்லை. அண்ணை பதறியடிச்சுக்கொண்டு போன் எடுத்தார்.

"தங்கச்சி, உம்மடையையே திரும்பப் போடும்."

போட்டன். பிழை எங்கை எண்டு அண்டைக்கே அது காட்டிக் குடுத்துது. எனக்கு எண்டால் பொல்லாத சந்தோசம். இனி ஹெட் நான்தான் எண்டு அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன், விசரி. அம்மா அண்டைக்குப் புட்டும் முட்டைப்பொரியலும் செய்து தந்தா.

அடுத்த கிழமை வீடியோவிலை அண்ணைக்குப் பக்கத்திலை ஒருத்தன். அவரின்ரை தமக்கையின்ரை மகனாம், படிப்பு இப்பதான் முடிஞ்சதாம். இனி லொக் வேலையை லண்டனிலை இருந்து உவன்தான் பாப்பானாம், ஹெட்டும் உவன்தானாம்.

"நீர் நல்ல சுகமாச் செய்துவைச்சிருக்கிறீர் தங்கச்சி. ஒரு வரிதானே, ஆரும் போடலாம். இந்த மாசத்தோடை நீர் வேறை இடம் பாரும்."

நான் திரையிலை இருந்து முகத்தைத் திருப்பினன்.

"கோவமே தங்கச்சி?"

"ஓம்" எண்டன்.

அண்ணை வாய்விட்டுச் சிரிச்சார். உவனும் சிரிச்சான். "பாத்தியே, எங்கடை ஊர்ப் பிள்ளையள் இப்பிடித்தான், எப்பவும் பகிடி" எண்டு அவனுக்குச் சொன்னார்.

நான் பகிடி விடேல்லை. வீட்டை போய் அம்மாவுக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன்.