கரைக்குள் இருந்த புற்று

மாதம்மாளுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது ஓடையோரப் புற்றுக்குப் பால் ஊற்றி வேண்டிக்கொண்டாள். பிறந்த பையன் பிழைத்தான். நாகப்பன் என்று பெயர் வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் புற்றுக்குப் பால் போயிற்று.

அஞ்செட்டிப் பக்கத்து அந்த ஓடை, மழைக்காலத்தில் கீழூர் வீடுகளுக்குள் புகுந்துவிடும். 1955இல் அதன் குறுக்கே சர்க்கார் மண் அணை போட்டபோது, மாதம்மாளும் கூடை தூக்கப் போனாள். கரைக்கு அடித்தளம் வெட்டி வந்தவர்கள் புற்றருகே நின்றுவிட்டார்கள். அதைத் தோண்டி எடுக்கும்படி ஓவர்சியர் சொல்லிவிட்டு ஓசூர் போயிருந்தார். மாதம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்முன் உட்கார்ந்தாள்.

"எம் மவன் உசுரு இதுல இருக்குது மேஸ்திரி. மம்பட்டி போடாதீங்க."

மேஸ்திரி சென்றாயனுக்கும் உள்ளூரப் பயம்தான். "தோண்டினா என்னா, மூடினா என்னா, எல்லாம் மண்ணுதானே" என்றார். மஞ்சள் தெளித்துக் கும்பிட்டுவிட்டு, புற்றின்மேலேயே மண்ணைக் கொட்டி, மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டார்கள்.

மறு வருஷம் ஐப்பசி மழைக்கு அணை நிரம்பியது. கீழூருக்குள் தண்ணீர் வரவில்லை. மழை வெறித்த அன்று புல்லறுக்கப் போன மாதம்மாள், கரையின் அடியில் கசிவைப் பார்த்தாள். தெளிந்த நீராக இருந்தால் பயமில்லை. இது கரையின் மண்ணையே கரைத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். புற்று இருந்த இடத்துக்கு நேர் கீழே.

ஓடிப்போய்ச் சொன்னாள். சென்றாயன் மதகைத் திறந்து தண்ணீரை வடித்தார்.

"கரையான் வழியெல்லாம் உள்ள அப்படியே இருக்குது. அதுல தண்ணி பூந்துடுச்சி. அடுத்த மழைக்குள்ள எடுத்தாவணும்."

ஆண்கள் கரையை வெட்டி இறங்கினார்கள். புற்றின் தலை தெரிந்ததும் மறுபடியும் மேலேறி நின்றுகொண்டார்கள். தளி ஊர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"கூடைய கவுத்துப் போட்டு ஒக்காந்தியே மகராசி, இப்ப வா" என்றாள் கீழூர் சாந்தம்மா. "உம் மவன் உசுரு அதுக்குள்ள. எம் புள்ளைங்க உசுரு அதுக்குக் கீழ."

மாதம்மாள் மண்வெட்டிக்குக் கை நீட்டினாள்.

"நீ வாணாம் மாதம்மா" என்றார் சென்றாயன். "அசலூர் ஆள இட்டாந்துக்கலாம்."

"அவன் வர்றதுக்குள்ள மழ வந்துடும். குடுங்க."

முதல் வெட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாம்பு வரவில்லை. ஈர மண்ணும் கரையானும்தான் சரிந்து விழுந்தன. அதன்பிறகே ஆண்கள் இறங்கினார்கள். புற்றை அடியோடு தோண்டி எடுத்துக் குழியை நிரப்பி, மாடு விட்டு மிதித்து முடிக்கும்போது தூறல் விழுந்தது. அந்த மழையிலும் கரை நின்றது.

கார்த்திகையில் நாகப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. சாந்தம்மாதான் முதலில் கஷாயத்தோடு வந்தாள். "மழைக் காய்ச்சல்டி. எங்கூட்டுலயும் ரெண்டு படுத்திருக்குது" என்றாள். காய்ச்சல் இறங்கி, பையன் எழுந்து விளையாடவும் போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மாதம்மாள் பால் செம்போடு கரைமேல் ஏறினாள். எங்கும் ஒரே மட்டமாகப் புல் முளைத்திருந்தது. எந்த இடத்தில் ஊற்றுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாள்.