அக்காவின் பக்கத்தில் ஒரு வரி

கல்லூரி நூலகத்தில் பழைய செய்தித்தாள் பிரிவு அவர் பொறுப்பு. வீட்டிலும் வேலையிலும் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆதாரம்'. மழை வரும்போலிருக்கிறது என்று மனைவி சொன்னால்கூட, "யார் சொன்னா? எதுல போட்டிருக்கான்?" என்று கேட்கிற ஆள்.

வேலை முடிந்ததும் இணையக் கலைக்களஞ்சியத்தின் முன் உட்கார்ந்துவிடுவார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து விட்டிருக்கும் இடம். தலைவர்களின் தொண்டர்கள் அங்கே வந்து அளந்து தள்ளுவார்கள். இவர் ஒவ்வொன்றாகத் தோண்டுவார். ஓர் அமைச்சர் வெளிநாட்டில் பட்டம் வாங்கிய ஆண்டில் அந்தக் கல்லூரியே தொடங்கப்படவில்லை என்று கண்டுபிடித்து, வரியைத் தூக்கினார். தொண்டர்கள் கிழி கிழியென்று கிழித்தார்கள். இவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த வேகத்தில்தான் சொந்த அக்காவின் பக்கத்துக்குப் போனார். அக்கா நகராட்சி உறுப்பினர். பக்கமோ நாலு வரி. தெருக்காரர் யாரோ இன்னொன்று சேர்த்திருந்தார்: வெள்ளத்தின்போது பள்ளிக்கூடத்தின் பூட்டை உடைத்துத் தெருச் சனங்களைக் காப்பாற்றியவர். ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. நீக்கிவிட்டார்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, பூட்டை உடைச்சதே நீதானேடா? நான் டார்ச் பிடிச்சேன், நீ கடப்பாரையால நெம்புனே."

"நான் பாத்ததெல்லாம் கணக்குல வராதுக்கா. அச்சுல வந்திருக்கணும்."

"இடுப்பளவு தண்ணியில எந்த நிருபர்டா வந்தான்?"

"உனக்கு விட்டுக்கொடுத்துட்டு அந்த அமைச்சரை எந்த மூஞ்சியோட கேக்கறது?"

அக்கா சிரித்துவிட்டாள். "சரிடா, நீயே தேடிப் போடு."

பதவிக்குக்கூட ஆசைப்படாதவள், அந்த ஒரு வரிக்கு ஆசைப்பட்டாள். அவரும் தேடத்தான் செய்தார். வெள்ளத்தில் அச்சகமும் மூழ்கியதால் அந்த நாட்களில் பத்திரிகையே வரவில்லை. நூலகத்துக்கு வாராவாரம் வரும் நிருபரிடம்கூடக் கேட்டார், வேறெங்காவது பிரதி இருக்குமா என்று. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பேசவே சிரமப்பட்ட நிலையிலும் கேட்டாள்: "கிடைச்சுதாடா?"

"தேடிட்டே இருக்கேன்க்கா."

அக்கா போய்ச் சேர்ந்தாள். இரங்கல் கூட்டத்துக்கு அதே நிருபர் வந்திருந்தார். "அக்காவைப் பத்தி ஏதாவது சொல்லுங்க சார்" என்றார். பூட்டு, டார்ச், கடப்பாரை, தண்ணீர் எல்லாவற்றையும் இவர் அழுதுகொண்டே கொட்டினார். மறுநாள் அது பத்திரிகையில் வந்தது.

சொந்த அக்கா என்பதால் தானே எழுதாமல், செய்தியை மட்டும் கலைக்களஞ்சியத்தில் திருத்தங்களை விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் வைத்தார். முகம் தெரியாத ஒருவர் வரியைச் சேர்த்து, சான்றும் போட்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பேப்பர்ல இருக்கறது நீங்க சொன்னதுதானே?"

"ஆமா."

"அப்போ இதை அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே!"

அந்த நிருபர் வாரம் தவறாமல் வந்து இவர் மேசைக்கு எதிரேதான் உட்காருவார். பழைய பிரதி இருக்கிறதா என்று இவர் கேட்டாரே தவிர, என்ன நடந்தது என்று ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அதுவும் பொய். அக்கா கேட்டிருந்தாள்.